கூரை ஏறிய கரி செட்டு

எங்கள் அக்காவுக்கு எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாது. பசி வந்தால் மற்றவர்கள் சாப்பாட்டைத் தேடுவார்கள். ஒரு சந்தேகம் வந்தால் அவள் ஆளைத் தேடுவாள். கவரைப்பேட்டையில் காலை ரயில் ஏறினால் அடுத்த நிலையமே கும்மிடிப்பூண்டி. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தக் கம்பெனி, அங்கே என்ன செய்கிறார்கள், மதியச் சாப்பாடு கம்பெனியே போடுகிறதா, பெண்களை வேலைக்கு எடுப்பார்களா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவாள். ஒருமுறை கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் முட்டியைத் தட்டி, "சார், தூங்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் பதறிப்போய் "இல்லைங்க" என்றார். "அப்ப ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை பஸ் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். இதை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கேட்டா இன்னா, பல்லா கொட்டிடும்?" என்றாள். எதற்கும் அவள் சொல்லும் வார்த்தை அதுதான்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், என்னைக் கேட்காமல் எப்படி என் பேரைப் போட்டாய் என்று கேட்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் நாங்கள் கரி வேலை செய்தோம். துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக நிலக்கரி வரும். கொட்டிய கரியைத் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, பெரிய கட்டிகளைச் சுத்தியால் உடைத்து, பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளி உலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எட்டுப் பெண்கள். இப்படிச் சேர்ந்து வேலை செய்கிறவர்களைச் செட்டு என்பார்கள். செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை ஆளுக்கு ஆள் வேறுபடும், பங்கு வேறுபடாது. உச்சியில் நின்று கரி தள்ளுகிறவளுக்கும் கீழே குழாய் பிடித்துத் தண்ணீர் தெளிக்கிறவளுக்கும் ஒரே கூலி. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அன்றைக்கு அவளைத் தண்ணீர் பக்கம் நிறுத்திவிடுவோம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. அக்கா வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதை யாராவது தொட்டால் அக்காவுக்குத்தான் முதலில் கோபம் வரும்.

கரிக்கொட்டகையில் எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. பின்பக்கம் வேலிகாத்தான் புதர்தான். மழைக்காலத்தில் பாம்பு, மற்ற நாட்களில் லாரி டிரைவர்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து எங்கள் எல்லோருக்கும் நீர்க்கடுப்பு. ஒருநாள் மேனேஜர் கொட்டகைப் பக்கம் வந்தபோது அக்கா பாண்டைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"சார், நீங்க காத்தாலேந்து எத்தினி வாட்டி பாத்ரூம் போனீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா கேள்வி இது?" என்றார்.

"இல்ல சார், எங்களுக்கும் அதே மாதிரிதான் வரும்."

நாங்கள் ஏழு பேரும் கரிக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். மேனேஜர் திரும்பிப் போனார். அந்த மாதமே தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறை வந்தது. முதல் நாள் அதற்குள் போய்விட்டு வெளியே வந்த மேரியக்கா, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேரியக்கா எங்கள் செட்டில் வயதில் மூத்தவள். கனத்த உடம்பு. முட்டி வலி. பேச்சு குறைவு.

அக்காவின் கேள்வி எப்போதும் நல்லது செய்தது என்று சொல்ல முடியாது. நான் செட்டில் சேர்ந்த முதல் வாரம், சாப்பிட உட்கார்ந்திருந்தபோது எல்லோர் எதிரிலும், "உன் ஊட்டுக்காரர் எங்க? ஒருநாள் கூட கேட்டாண்ட வந்து இட்டுகினு போறதில்லியே?" என்று கேட்டாள். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய் அழுதேன். பல நாட்கள் அவளிடம் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் எங்களை விட்டுவிட்டுப் போனதை எங்கள் தெருவே பேசிக்கொண்டிருந்தது. என்னிடம் வந்து ஒருவரும் கேட்டதில்லை. அக்கா ஒருத்திதான் கேட்டாள். கேட்டுவிட்டதால் அவளிடம் பதில் சொல்ல முடிந்தது. சொல்லி முடித்ததும் "சரி உடு, பொண்ண படிக்க வெச்சிக்கினு இரு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயத்திலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "நீ இன்னா சமைப்ப நைனா?" என்றாள். அந்தப் பையன் நல்லவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆம்லேட் நன்றாகப் போடுவேன் என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கல்யாணமும் நடந்தது.

இப்போது அக்கா எங்களோடு இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி, ஏக்கர் கணக்கில் சோலார் தகடு பதித்திருக்கிறார்களாம். அங்கே விவசாயக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களைச் சேர்த்துச் செட்டுக் கட்டிக்கொடுக்க அந்தத் தகட்டுக் கம்பெனிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போனில் கேட்டால், இங்கே பாதிப் பேருக்குத் தெலுங்குதான் வருகிறது, அதனால் தெலுங்கில் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்கிறாள். பதில்தான் முழுசாகப் புரிவதில்லையாம். அவள் கரிக்கொட்டகையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மில்லில் கரி உலையை நிறுத்தப் போகிறார்கள் என்று முதலில் லாரி டிரைவர்கள்தான் சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை. பிறகு பெரிய பெரிய பெட்டிகளில் மின்சார உலை வந்து இறங்கியது. கொட்டகைக் கூரைகளின் மேல் கிரேன் வைத்து நீலக் கண்ணாடி சோலார் தகடுகளை ஏற்றினார்கள். ஒருநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் எங்களை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. கம்பி வாங்குகிற பெரிய கம்பெனிகள் இப்போது எவ்வளவு புகை விட்டு இந்தக் கம்பியைச் செய்தாய் என்று கேட்கிறார்கள், அதனால் கரியைக் கைவிட வேண்டியதாகிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து செட்டு வர வேண்டாம் என்றார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

புகை நிற்பது எங்களுக்கும் நல்லதுதான். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆனால் எங்கள் பிழைப்பும் அந்தப் புகையோடு போகும் என்று நாங்கள் யோசித்ததில்லை. என் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் தூக்குவார்களே, அதுபோல.

"சார், கரி போயிடும். தூசியும் போயிடுமா?"

அதெப்படிப் போகும், சுற்றி இத்தனை மில் இருக்கிறதே என்றார் மேனேஜர்.

"அப்ப மேல வெச்சிகிறீங்களே கண்ணாடி, அத்த யாரு கழுவுவா?"

சென்னையில் ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறார், அவருடைய ஆட்கள் வந்து கழுவுவார்கள் என்றார்.

"அவரு வந்து கேட்டாரா, நீங்களா கூப்டீங்களா?"

"அவர்தான் வந்து கேட்டார்."

"அப்ப நாங்களும் கேக்கறோம்," என்றாள் அக்கா.

மேனேஜர் எங்களைப் பார்த்தார். எட்டுப் பேரும் தலையிலிருந்து கால் வரை கரி. வெள்ளையாக இருந்தது கண்ணும் பல்லும்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கொட்டகையின் கூரையை மட்டும் கழுவிக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

கூரை ஏறுவதற்கு டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். எட்டுப் பேரும் போனோம். ஆறு பேர் தேறினார்கள். மேரியக்காவுக்கு முட்டி என்பதால் ஏறக்கூடாது என்றார் டாக்டர். எனக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றும். ஏணியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் கூடாது. திரும்பி வரும் வழியில் மேரியக்காவும் நானும் பின்னால் நடந்தோம். இனி செட்டு என்றால் ஆறு பேர்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் போன அக்கா திரும்பிப் பார்த்து, "இன்னா ரெண்டு பேரும் பொணத்துக்குப் பின்னால வர மாதிரி வரீங்க? தண்ணி பக்கம் ஆள் வேணாமா?" என்றாள். கரி வேலையில் இருந்த வழக்கப்படியே, நாங்கள் கீழே தண்ணீர் என்று வைத்துவிட்டாள்.

புடவையோடு கூரை ஏற முடியாது. பேன்ட் சட்டை போட வேண்டும். எங்கள் செட்டில் சின்னவள் செல்வி. பழவேற்காட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்து சண்டை போட்டார். பொம்பளை கூரை மேலே பேன்ட் போட்டுக்கொண்டு நின்றால் ரோட்டில் போகிறவனெல்லாம் பார்ப்பான் என்றார். அக்கா அவரிடம், "கரிக்குழியில நின்னுகினு இருந்தப்ப ஒருத்தனும் பாக்கல. அது உனக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் செல்வி அவருடைய பேன்ட்டையே போட்டுக்கொண்டு வந்தாள், இடுப்பில் கயிறு கட்டி.

முதல் கழுவல் நன்றாகத்தான் போனது. ஆறு பேரும் பயந்து பயந்து ஏறினார்கள். செல்வி மட்டும் படகில் நடப்பவள் மாதிரி நடந்தாள். கீழே மேரியக்காவும் நானும் போர்வெல் தண்ணீரை மோட்டார் போட்டு மேலே அனுப்பினோம். இத்தனை வருடமாகக் கரிக்குத் தெளித்த அதே தண்ணீர். அக்காதான் அதை எடுக்கச் சொன்னாள். வேறு தண்ணீரைப் பற்றி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. கூரையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து வழிந்து கடைசியில் தெளிந்தது. கண்ணாடி பளபளத்தது. மேனேஜர் கை தட்டினார்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கூரை முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. செல்வி மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "கருவாட்டுக்கு உப்பு போட்டு வெச்ச மாதிரி கீதுக்கா," என்றாள். கழுவுவதற்கு முன்னால் வந்த கரண்ட் கூட இப்போது வரவில்லை என்று மேனேஜர் சத்தம் போட்டார். திங்கட்கிழமை சென்னைக்காரர்களை வரச் சொல்லிவிட்டேன் என்றார்.

யாராவது ஏதாவது சாக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். செட்டில் ஒருத்தி, கீழே தண்ணீர் விட்டவர்களைக் கேளுங்கள் என்று முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. மேலே ஏறினாள். கண்ணாடியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். இறங்கி வந்து, "உப்பு," என்றாள். "நம்ம வாயில வெக்காத தண்ணிய அது வாயில ஊத்திட்டோம். நான்தான் சொன்னேன், ஊத்துன்னு."

உண்மைதான். கடலோர ஊர். அந்தப் போர் தண்ணீரை நாங்கள் ஒருநாளும் குடித்ததில்லை. வீட்டிலிருந்து கேனில் கொண்டுவருவோம். கரி உப்பைக் காட்டாது. கண்ணாடி காட்டிவிட்டது.

தகடு பதித்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள். மணவாள நகர்ப் பெண். ஸ்கூட்டரிலேயே மாவட்டம் முழுவதும் சுற்றுவாள். அன்றைக்கு அவள் வந்திருந்தது எங்கள் நல்ல நேரம். அக்கா அவளை விடவில்லை. உப்பை எப்படி எடுப்பது, எந்த நேரத்தில் கழுவலாம், எதைக் கொண்டு தேய்த்தால் கண்ணாடி கீறாது என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னாலேயே போனாள். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னாள். வினிகரைத் தண்ணீரில் கலந்து மெதுவாகத் துடைத்து, உப்பில்லாத தண்ணீரில் கழுவ வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது என்று அக்கா கேட்டாள். உங்கள் மில்லிலேயே இருக்கிறதே, மின்சார உலையைக் குளிர வைக்க உப்பு நீக்கிய தண்ணீர்தானே விடுகிறார்கள் என்றாள் அந்தப் பெண். எங்களுக்கு அது புதுச் செய்தி.

அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது, வெளியே நாங்கள் நின்றோம்.

"சார், கெடுத்தது நாங்க. எங்க கையாலயே கழுவிக் குடுத்துட்டுப் போறோம். கூலி வேணாம். உலைக்குப் போற தண்ணி மட்டும் குடுங்க. அதுக்கப்பறம் நீங்க யார வேணா கூப்டுக்குங்க."

கெடுத்தது நாங்கள் என்று சொன்ன காண்ட்ராக்டரை மேனேஜர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அனுமதி கொடுத்தார்.

உலைத் தண்ணீர் இருக்கும் இடம் ஒரு கோடி, கூரை மறு கோடி. குழாய் கிடையாது. நீல டிரம்களில் பிடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி மேரியக்காவும் நானும் தள்ளினோம். தளும்பாமல் தள்ள வேண்டும், நிறுத்தவும் கூடாது. மேலே வெயில் வருவதற்குள் முடிய வேண்டும். மேரியக்கா முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சூரியன் கொட்டகை விளிம்பைத் தொட்டுவிட்டது. மேலே செல்வி கடைசி வரிசையில் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் பெண் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏற ஏற அதில் கோடு ஏறிக்கொண்டே போனது. எங்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியாது, அவள் முகம் தெரிந்தது. தகடு வைத்த முதல் நாள் வந்த அளவுக்குக் கரண்ட் வருகிறது என்றாள். அக்கா கூரை மேலிருந்தே, "நெசமாவா?" என்று கேட்டாள். அந்தப் பெண் போனைத் தூக்கிக் காட்டினாள். ஆறு பேரும் மேலே குதிக்கப் பார்த்தார்கள். குதிக்காதீர்கள், கண்ணாடி போய்விடும் என்று கீழேயிருந்து மேனேஜர் கத்தினார்.

சென்னைக்காரர்கள் வரவில்லை. வரவேண்டாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

ஆனால் எங்களுக்குச் சிக்கல் அப்போதுதான் வந்தது. மேனேஜர் எங்கள் எட்டுப் பேரையும் இன்ஜினியர் பெண்ணையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வேலையை முறையாகக் கொடுக்கிறேன், ஆறு பேரை எழுதிக்கொள்கிறேன், அக்கா சூப்பர்வைசர் என்றார் மேனேஜர். டாக்டர் கூடாது என்று சொன்ன இரண்டு பேரை என்ன கணக்கில் வைப்பது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசிவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. கரியில எல்லாருக்கும் ஒரே பங்கு, சரி. அங்க வுழுந்தா கரி மேல வுழுவோம். இங்க கால் வழுக்கிச்சின்னா என் உசுரு. எனக்கு ரெண்டு கொயந்தைங்க. கீழ நிக்கறவங்களுக்கும் எனக்கும் ஒரே பங்குன்னா எப்பிடிக்கா?"

செட்டில் இப்படி யாரும் பேசியதில்லை. மேரியக்கா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். எனக்குச் செல்வி மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி என்று தோன்றியதால்தான் அழுகை வந்தது.

அக்கா செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்கு மேல பயமா கீதா?"

"இருக்காதா பின்ன? நடக்கறது தெரிது, பயந்துகினே நடக்கறது தெரியல உனக்கு."

"இன்னா செஞ்சா பயம் போவும்? நீயே சொல்லு."

செல்வி யோசித்தாள். இடுப்பில் கயிறு கட்டி அதை ஒருத்தர் கீழே நின்று கவனமாகப் பிடித்துக்கொண்டால் போகும் என்றாள். அவள் அப்பா கடலில் முங்கும்போது படகில் ஒருத்தர் அப்படித்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாராம்.

"யாரு புடிச்சா நம்புவ?"

செல்வி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். கடைசியில் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்த மேரியக்காவைக் காட்டினாள். "அது புடிச்சா உடாது," என்றாள்.

மேரியக்கா கதவை விட்டு உள்ளே வந்தாள்.

அக்கா அடுத்து இன்ஜினியர் பெண்ணிடம் திரும்பி, கயிறு பிடிக்க ஆள் வைப்பது சட்டத்தில் உண்டா என்று கேட்டாள். உயரத்தில் வேலை என்றால் இடுப்புப் பட்டை, கயிறு, கீழே கவனிக்க ஆள் எல்லாம் இருந்தே ஆக வேண்டும், இதுவரை இல்லாமல் ஏறியதே தப்பு, இதை நானே சொல்லியிருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். தூணில் சுற்றி வந்த கயிற்றின் முனைதான் கீழே இருப்பவர் கையில் இருக்கும், கனத்தைத் தூண் தாங்கிக்கொள்ளும், விளிம்புக்குப் போகிறவருக்கு மட்டும் இப்படிப் பிடித்தால் போதும், மற்றவர்கள் கயிற்றை மேலேயே கட்டிவிடலாம் என்று ஒரு படமும் வரைந்து காட்டினாள். அக்கா மேனேஜரைப் பார்த்தாள். அவர் கையை விரித்து, "கேட்டுடு, கேட்டுடு. அதான் வாயில நிக்குதே," என்றார்.

"கயிறு பக்கம் ஒரு ஆள், தண்ணி பக்கம் ஒரு ஆள். எட்டுப் பேரு எழுதிக்கிறீங்களா சார்?"

அவர் செல்வியைப் பார்த்து, பங்கு விஷயத்தில் நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

"என் உசுர புடிச்சிகினு நிக்கறவளுக்குக் கொறச்சிக் குடுக்க சொல்றீங்களா சார்?" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எட்டுப் பேராகத்தான் எழுதினார்கள். நான் தண்ணீர். இன்றைக்கும் நான் தண்ணீர்தான். எந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்கிற சின்னக் கருவி ஒன்று என் கழுத்தில் தொங்குகிறது. என் பெண் காலேஜ் முடித்துவிட்டாள்.

அந்த வேலை எழுதின பிறகு முதல் தடவை கழுவப் போன காலையைச் சொல்லி முடிக்கிறேன். ஆறு பேரும் இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். அக்கா ஏறினதும் வேலையை ஆரம்பிக்காமல் நின்று சுற்றிலும் பார்த்தாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று கீழே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் சிப்காட் முழுவதும் கூரை கூரையாகத் தெரியுமாம், பாதிக் கூரைகளில் நீலத் தகடு, எல்லாவற்றின் மேலும் தூசியாம். செல்வி பிறகு சொன்னாள்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கம்பெனி முதலாளி காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. பெரிய மனிதர். எங்கள் மேனேஜரே அவரிடம் எழுந்து நின்று பேசுவார்.

"சார்," என்று மேலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "சார், இங்க மேல. உங்க கூரைய யாரு கழுவறா?"

எனக்குப் பழைய மாதிரி முந்தானையைத் தேடிக் கை போனது. கீழே நின்றாலும் அன்றைக்கு நானும் பேன்ட் சட்டைதான், முந்தானை ஏது? அவர் அண்ணாந்து பார்த்தார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யாரும் கழுவுவதில்லை என்றார். பிறகு, நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஏறறது ஆறு பேரு. வர்றது எட்டுப் பேரு," என்றாள் அக்கா.

சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, அவர் சுவர் ஓரமாக வந்தார். அக்காவும் அவரோடு பேசுவதற்காகக் கூரை விளிம்புப் பக்கம் நகர்ந்தாள். தூண் ஓரத்தில் மேரியக்கா காலை அகட்டி ஊன்றி நின்று, அக்கா போகிற அளவுக்கு மட்டும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.